வாயில்லா ஜீவனுக்கு நீங்கள்தான் வாய்!

“நமக்கென்ன தெரியும்?”

“நாய்தானே, பூனைதானே, விடு!”

வீட்டில் வளரும் வாயில்லா ஜீவனை நோய் பாதி கொல்கிறது என்றால், மீதியை இந்த இரண்டு வாக்கியங்கள் கொல்கின்றன. முதலாவதில் தாழ்வு மனப்பான்மை. இரண்டாவதில் அலட்சியம். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. தனக்கு ஒன்றும் தெரியாது என்று நம்புகிறவர் கேட்க மாட்டார். கேட்காமலே பழகியவருக்கு நாளடைவில் அக்கறையும் மரத்துப்போகும்.

நண்பரே, அந்த இரண்டையும் இன்றோடு துரத்துங்கள். உங்களுக்குத் தெரியும்! கால்நடை மருத்துவர் உங்கள் நாயைப் பார்ப்பது வருடத்துக்குச் சில தடவை. ஒவ்வொரு தடவையும் சில நிமிடம். நீங்களோ தினமும் பார்க்கிறீர்கள். கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் அது எப்படித் துள்ளி வரும், தட்டை எவ்வளவு நேரத்தில் நக்கித் துடைக்கும், எந்த மூலையில் படுக்கும் என்பதெல்லாம் எந்தப் பட்டதாரிக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். “நேற்று வரை ஓடி வந்தது, இன்று வரவில்லை” என்பது சாதாரணப் பேச்சு இல்லை. இரத்தப் பரிசோதனைக்கும் முன்னால் கிடைக்கும் முதல் சான்று அது. அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டா “நமக்கென்ன தெரியும்” என்று ஒதுங்குகிறீர்கள்?

ஒரு கேள்வி காப்பாற்றிய இதயங்கள்

1980-களில் அமெரிக்காவில் வீட்டுப் பூனைகள் ஒரு விதமான இதய நோயால் செத்துக்கொண்டிருந்தன. இதயத் தசை தளர்ந்து, அறைகள் விரிந்து, இரத்தத்தைத் தள்ளும் வலு இல்லாமல் ஓய்ந்துவிடும். காரணம் பிடிபடவில்லை. வந்தால் முடிவுதான் என்று மருத்துவ உலகமே கைவிரித்திருந்தது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியன் என்ற இளம் கால்நடை மருத்துவர் இருந்தார். நோயுற்ற பூனையின் இரத்தத்தில் டாரின் என்ற சத்து மிகக் குறைந்து கிடப்பதை அவர் கவனித்தார். இப்படிப்பட்ட பூனைகள் குப்பையைக் கிளறித் தின்றவை அல்ல. கடையில் வாங்கிய, அக்காலத் தரநிலைக்கு ஏற்பத் தயாரான உணவைத் தின்றவை. தரநிலை சரி, நிறுவனம் சரி, அட்டையில் இருப்பதும் சரி என்றால் பூனை ஏன் சாகிறது? அவரும் சக ஆய்வாளர்களும் அந்தக் கேள்வியை விடவில்லை. 1987-இல் ‘சயின்ஸ்’ இதழில் விடை வெளிவந்தது: டாரின் குறைந்ததால் இதயம் தளர்கிறது, டாரினைக் கொடுத்தால் தளர்ந்த இதயம் மீள்கிறது! தயாரிப்பாளர்கள் உணவில் டாரினைக் கூட்டினார்கள். ஊரெங்கும் பூனைகளைச் சாய்த்த நோய் அபூர்வமாகிப் போனது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். முதலாவது, அச்சடித்ததெல்லாம் வேதவாக்கு இல்லை. கேள்வி கேட்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. இரண்டாவது, நேராக உங்கள் வீட்டுக்கே வருவது. பூனையின் உடம்பு தனக்கு வேண்டிய டாரினைப் போதிய அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. இறைச்சியிலும் மீனிலும்தான் அது கிடைக்கும். “எங்க பூனை பால் சாதம் தவிர எதையும் தொடாது” என்று பெருமை பேசும் வீடுகளில், அந்தப் பெருமைக்கு விலையாகப் பூனையின் கண்ணும் இதயமும் போகலாம். நாய்க்கு வாங்கிய உணவையே பூனைக்கும் போட்டுச் சமாளிப்பதும் இதே தவறுதான். நாய் உணவு பூனையின் தேவையை மனதில் வைத்துச் செய்ததில்லை.

2007: கிண்ணத்தில் ஒலித்த எச்சரிக்கை

2007 மார்ச் 16. கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் தான் தயாரித்த 6 கோடி டப்பாக்களையும் பொட்டலங்களையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதற்கு முன்பே வட அமெரிக்க வீடுகளில் நாய்களும் பூனைகளும் தண்ணீரை ஓயாமல் குடித்தன, வாந்தி எடுத்தன, சிறுநீரகம் செயலிழந்து செத்தன. அந்த நிறுவனம் நடத்திய சுவைச் சோதனையில் தின்ற பூனைகளே மடிந்தன.

என்ன நடந்தது? சீனாவிலிருந்து கோதுமைப் புரதம் என்ற பெயரில் வந்த சரக்கில் மெலமின் கலந்திருந்தது. ஆம், நம் வீடுகளில் மெலமின் தட்டு என்கிறோமே, அந்தத் தட்டு செய்யும் வேதிப்பொருள்! எதற்காகக் கலந்தார்கள்? ஆய்வகத்தில் வழக்கமாகப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. சரக்கில் உள்ள நைட்ரஜனை அளந்து, இவ்வளவு புரதம் இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். மெலமினின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். மட்டமான மாவில் அதைக் கலந்தால் தாளில் புரதம் ஏறிவிடும். தாளில் ஏறியது புரதம். சிறுநீரகத்தில் ஏறியது நஞ்சு. மெலமினும் கூடவே வந்த சயனூரிக் அமிலமும் சேர்ந்து சிறுநீரகக் குழாய்களில் படிகங்களாக இறுகி அடைத்துக்கொண்டன.

விலை உயர்ந்த பெயர்களும் மலிவான பெயர்களும் ஒரே தொழிற்சாலையில் தயாரானவை என்பது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது. அதிக விலை கொடுத்தவரின் பூனையும் செத்தது.

ஆனால், அந்த மக்கள் அழுதுவிட்டு ஓய்ந்து போகவில்லை. தொலைபேசியை எடுத்தார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு ஆயிரக்கணக்கான அழைப்புகள் போயின. பேசியவர்கள் யார்? வேதியியல் அறிஞர்களா? வீட்டில் பூனை வளர்த்த சாதாரண மனிதர்கள். “என் பூனை செத்துவிட்டது, இதைத்தான் தின்றது, இதோ டப்பாவில் உள்ள எண்” என்று சொல்லத் தெரிந்தவர்கள். அந்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் செல்லப்பிராணி உணவுப் பாதுகாப்புக்குச் சட்டத்தில் தனி ஏற்பாடுகள் செய்தது. 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்பு நவீனமயச் சட்டம் விலங்கு உணவுத் தொழிற்சாலைகளையும் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. “நாய்தானே” என்று அவர்கள் வாயை மூடியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

“நாய்தானே” என்பவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. அடுத்த ஆண்டு, 2008-இல், அதே மெலமின், அதே நைட்ரஜன் தில்லுமுல்லு, சீனாவில் குழந்தைகளுக்கான பால் மாவில் வெளிப்பட்டது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 6 குழந்தைகள் இறந்தார்கள். நாயின் கிண்ணத்தில் முதலில் விழுந்த நஞ்சு, குழந்தையின் பால் புட்டி வரை வந்தது. இனியும் “நாய்தானே” என்று சொல்ல நாக்கு எழுமா?

கடை வாசலில் முதல் துணிச்சல்

துணிச்சலைக் காட்ட மலை ஏற வேண்டாம். தெருமுனையில் உள்ள பெட் ஷாப்புக்குப் போனாலே போதும். அங்கே ஓரமாக ஒரு பெரிய மூட்டை, வாய் பிரித்து மடித்து விட்டபடி நிற்கும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கரண்டி செருகியிருக்கும். கிலோ கணக்கில் அள்ளி, வெறும் பாலித்தீன் பையில் கட்டிக் கொடுப்பார்கள். அங்கே கேளுங்கள்:

“அண்ணே, இந்த மூட்டை எப்ப பிரிச்சது?”

“போன வாரம் இருக்கும் தம்பி. எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க, ஒண்ணும் ஆகாது.”

“பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரி டேட்டும் பாக்கணும்ணே. மூட்டையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க.”

“நாய் சாப்பாட்டுக்குப் போயி இவ்வளவு பாக்குறீங்களே!”

“சாப்பிடப் போறது எங்க வீட்டுப் புள்ளைண்ணே.”

அவ்வளவுதான். குரலை உயர்த்த வேண்டாம். சண்டை வேண்டாம். கூச்சத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்! காட்ட முடியாது என்றால் வாங்க வேண்டாம்.

ஏன் இந்தப் பிடிவாதம்? திறந்த மூட்டையில் காற்றும் ஈரமும் புகும். உணவின் மேல் தடவிய கொழுப்பு சிக்குப் பிடிக்கும். எலி, கரப்பான் வாய் வைக்கும். ஈரம் கண்ட தானியத்தில் பூஞ்சை கட்டும். சிலவகைப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது நேராகக் கல்லீரலைத் தாக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதாக அழிவதில்லை. 2020 இறுதியில் அமெரிக்காவில் விற்பனையான ஒரு நாய் உணவில் இந்த நஞ்சு மிதமிஞ்சி இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் புகார்கள் பதிவாயின. முத்திரை உடையாத பையிலேயே அப்படி நடக்கும்போது, வாய் பிளந்து கிடக்கும் மூட்டைக்கு யார் பொறுப்பு? நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால், எந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுப்பீர்கள்?

பையை வாங்கிவிட்டீர்களா? திருப்புங்கள். முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் விவரம். அது முழுமையான சமச்சீர் உணவா, அல்லது துணை உணவா, வெறும் தின்பண்டமா என்று பொடி எழுத்தில் இருக்கும். பூனைகள் பைத்தியமாக நக்கும் சின்னப் பாக்கெட்டுகள் பலவும் துணை உணவுதான். அதை மட்டும் போட்டால் பூனைக்கு ருசி கிடைக்கும், உடம்புக்குச் சத்துக் கிடைக்காது. அடுத்து, குட்டிக்கா, வளர்ந்ததற்கா என்று பாருங்கள். தயாரித்த நாள், காலாவதி நாள், பேட்ச் எண் மூன்றையும் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உணவை அழகான டப்பாவில் கொட்டி, பையைத் தூக்கி எறியாதீர்கள். பையோடு சேர்த்து டப்பாவுக்குள் வையுங்கள். ஏறக்குறைய 27 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த வெப்பத்தில் வைக்கச் சொல்கிறார்கள். சித்திரை மாதத்தில் நம் ஊர்ச் சமையலறையில் 27 டிகிரிக்கு எங்கே போவது? ஆகவே சின்னப் பையாக வாங்குங்கள். பத்து கிலோ பையில் நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, கடைசி மூன்று கிலோவைச் சிக்கு வாசனையோடு போடுவது சிக்கனம் ஆகாது. புது உணவுக்கு மாறும்போது ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம் பழையதோடு கலந்து கலந்து மாற்றுங்கள்.

சமையலறையில் உங்கள் சொல்லே சட்டம்

கடைக்காரரிடம் பேசுவதுகூட எளிது. சொந்தக்காரர்களிடம் “வேண்டாம்” என்று சொல்வதற்குத்தான் உண்மையான தைரியம் வேண்டும்! ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு. சித்தப்பா சாப்பிட்டு முடித்த எலும்பை நாய்க்கு நீட்டுகிறார். “பாவம், ஆசையா பாக்குதுப்பா.” என்ன செய்வீர்கள்? “சித்தப்பா, வெந்த எலும்பு ஊசி ஊசியா உடையும். தொண்டையிலயோ குடல்லயோ குத்திடும். கொடுக்காதீங்க” என்று சிரித்துக்கொண்டே, ஆனால் கையை மறித்துச் சொல்லுங்கள்.

நம் சமையலறையில் எதிரிகள் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதல் எதிரி வெங்காயம். கூடவே பூண்டு. இரண்டும் நாய், பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே தீங்கு செய்யப் போதும். நான்கு கிலோ பூனைக்கு 20 கிராம். சாம்பாரில் மிதக்கும் சின்ன வெங்காயத்தில் மூன்று நான்கு! வேகவைத்தால் சரியாகிவிடும் என்பது பொய். குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றை இன்றோடு நிறுத்துங்கள். அடுத்தது திராட்சையும் உலர்திராட்சையும். பாயசத்திலும் கேசரியிலும் நமக்கு இனிப்பது நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை நாயின் உடம்பு சீக்கிரம் வெளியேற்றாது. இதயம் தறிகெட்டு அடிக்கும். சர்க்கரை இல்லாத சூயிங் கம், மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. பூனைக்கு உடம்பு சுடுகிறதே என்று நம் பாராசிட்டமாலைப் பொடித்துக் கொடுக்காதீர்கள்! அதை முறிக்கும் வசதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையின் உயிரையே குடித்துவிடலாம். அன்பு மட்டும் இருந்தால் போதாது. அன்புக்கு அறிவு துணை நிற்க வேண்டும்.

பத்து விரல்களும் ஒரு ஞாயிறும்

இனி உங்கள் கைகளுக்கு வேலை. வாரம் ஒரு நாள், அவசரமில்லாத ஒரு நேரத்தில், உங்கள் நாயையோ பூனையையோ பக்கத்தில் படுக்க வையுங்கள். மூக்கிலிருந்து வால் நுனி வரை தடவிக்கொண்டே போங்கள்.

உதட்டை மெல்ல உயர்த்துங்கள். ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். வெளிறிக் கிடந்தாலோ மஞ்சள் தட்டினாலோ அது ஆபத்தின் அடையாளம். சில நாய்களுக்குப் பிறவியிலேயே ஈறு கறுத்திருக்கும். அவற்றுக்குக் கண்ணின் கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். காதை மடித்து முகர்ந்து பாருங்கள்; புளித்த வாடை வரக் கூடாது. விரல் இடுக்குகளைப் பிரியுங்கள். காதின் உட்புறம், கழுத்துப் பட்டைக்கு அடியில், வால் மடிப்பில், அங்கேதான் உண்ணி ஒளிந்திருக்கும். அந்தச் சின்னப் பூச்சி சுமந்து வரும் கிருமி இரத்த அணுக்களை அழித்துக் காய்ச்சலில் தள்ளும். மூக்கில் இரத்தம் வழியும் நாய்களும் உண்டு. மண்ணெண்ணெய் தடவாதீர்கள். மருத்துவர் சொல்லும் உண்ணி மருந்தை மாதம் தவறாமல் போடுங்கள். நாய்க்கு வாங்கியதை மட்டும் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். சில நாய் மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

அடுத்து விலா. விரல்களை விலாவின் மேல் ஓட விடுங்கள். உங்கள் புறங்கையைத் தடவும்போது எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, அப்படித் தட்டுப்பட்டால் எடை சரி. முஷ்டியின் முட்டிகளைத் தொடுவதுபோல் துருத்தினால் மெலிந்திருக்கிறது. உள்ளங்கையைத் தொடுவதுபோல் மெத்தென்று இருந்தால் ஊட்டிக் கெடுத்திருக்கிறீர்கள்!

கடைசியாக, அது அயர்ந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருப்பது நலம். நாள்தோறும் அதைத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதயக் கோளாறு சில நேரம் இந்த எண்ணிக்கையில்தான் முதலில் தலைகாட்டும்.

பார்த்தீர்களா? ஒரு ரூபாய் செலவில்லை. ஒரு கருவி இல்லை. இரண்டு மாதம் விடாமல் செய்து பாருங்கள். எது இயல்பு, எது மாற்றம் என்பதை உங்கள் விரல்களே சொல்லும்.

“காசில்லையே” என்பவருக்கு

“இதெல்லாம் வசதியானவங்களுக்குச் சார்” என்கிறீர்களா? நிறுத்துங்கள்! நெஸ்லே பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார் நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்து, குட்டிப் பருவம் முதல் ஆயுள் முழுக்கக் கவனித்தது. ஒரு குழுவுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகவே உணவு. முடிவு 2002-இல் வெளியானது. நிறையத் தின்ற குழுவின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள். அளவாகத் தின்ற குழுவுக்கு 13 ஆண்டுகள். மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. வாரி வாரிக் கொட்டுவது பாசம் என்று யார் சொன்னது? அளந்து போடுங்கள். காசும் மிஞ்சும், ஆயுளும் கூடும்.

பெட்டி உணவு வாங்க வசதி இல்லையா? வெட்கம் வேண்டாம். உப்பும் காரமும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, மீன், கொஞ்சம் சோறு, பரங்கிக்காய், கேரட் என்று சமைத்துப் போடலாம். ஆனால் வெறும் சோறும் கறியும் வருடக்கணக்கில் போட்டால் கால்சியம் போதாமல் குட்டியின் எலும்பு வளையும். என்ன சேர்க்க வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கறிக்கடையில் கிடைக்கும் கழிவைப் பச்சையாகப் போடாமல் வேகவையுங்கள். பச்சை இறைச்சியில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். கிண்ணத்தைக் கழுவும் கையில் ஒட்டி வீட்டுக் குழந்தைக்கும் வரலாம். பறவைக் காய்ச்சல் கண்ட அமெரிக்கப் பால் பண்ணைகளில் 2024-இல் காய்ச்சாத பாலைக் குடித்த பூனைகள் செத்தன. அடுப்பை மிஞ்சிய காவல் எது?

தடுப்பூசிக்கு அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது. ஜூலை 6-ஆம் நாளை ஒட்டியும் செப்டம்பர் 28-ஆம் நாளை ஒட்டியும் பல ஊர்களில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடக்கின்றன. 1885 ஜூலை 6-இல்தான் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு தன் வெறிநோய்த் தடுப்பு மருந்தைப் போடச் செய்தார். நம் குன்னூரில் 1907 முதல் அவர் பெயரில் நிறுவனம் இயங்குகிறது. இத்தனை கையருகில் இருந்தும் ஊசி போடாமல் இருப்பதற்குக் காசு காரணமா, சோம்பல் காரணமா?

மூன்று மாதக் குட்டிக்கு முதல் வெறிநோய் ஊசி. பிறகு மருத்துவர் சொன்ன தேதியில் தவறாமல் அடுத்தது. அதற்கு முன்பே, ஆறு முதல் எட்டு வாரத்தில், பார்வோவுக்கான ஊசியைத் தொடங்கிவிடுங்கள். இரத்தக் கழிச்சலில் குட்டிகளை வாரிக்கொண்டு போகும் நோய் அது. யாரையாவது நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும் மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. அறிகுறிக்கு முன்னால் ஊசி போட்டால் உயிர் நம் கையில்!

வெயிலையும் மறந்துவிடாதீர்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டை இறக்கும். மூக்கு சப்பையான பக் நாய்க்கு அதுவும் சிரமம். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாத சூட்டில் அதை நடக்க விடாதீர்கள். துவண்டு விழுந்தால் நிழலுக்குத் தூக்கி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

மருத்துவர் முன்னால் நிமிர்ந்து பேசுங்கள்

ஆண் பூனை மணல் தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லையா? நாளை பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். அடைப்பு நீடித்தால் ஓரிரு நாளில் உயிர் போகும். பெரிய நாயின் வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரிக்கிறதா? பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? வலிப்பு வந்ததா? நஞ்சு எதையாவது தின்றுவிட்டதா? இவை எல்லாம் அர்த்த ராத்திரியிலும் கதவைத் தட்ட வேண்டியவை. உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் வைத்தியத்தை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். என்று முதல் சாப்பிடவில்லை, எத்தனை தடவை வாந்தி, கழிச்சலின் நிறம் என்ன, தின்ற உணவின் பை எது என்று குறித்துக்கொண்டு போங்கள். நொண்டுகிற நாய் மருத்துவமனை மேசையில் பயத்தில் நேராக நிற்கும். வீட்டிலேயே ஒரு வீடியோ எடுத்துக் காட்டுங்கள். “டாக்டர், இந்த ஊசி எதுக்கு? அடுத்து நான் எதைக் கவனிக்கணும்? எப்போ திரும்பக் கூட்டிட்டு வரணும்?” என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளை வரவேற்பார். உங்கள் குறிப்பு அவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

கேட்கப் பழகியவரை யாரும் ஏய்க்க முடியாது

இப்போது சொல்லுங்கள், இது நாய் பூனைக்கான கட்டுரைதானா? பெட் ஷாப்பில் தேதி கேட்கத் துணிந்தவர், நாளைக்கு மருந்துக் கடையில் தன் தாயின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். சித்தப்பாவின் கையை மறித்தவர், அலுவலகத்தில் தவறான உத்தரவுக்கும் பணிவாக மறுப்புச் சொல்வார். ஈறின் நிறத்தைக் கவனிக்கக் கற்றவர், தன் பிள்ளையின் முகம் வாடுவதையும் கவனிப்பார். தன்னம்பிக்கை மேடைப் பேச்சைக் கேட்டு வருவதில்லை. சின்னச் சின்ன இடங்களில் வாய் திறந்து, விடை வரும் வரை நின்று, அடுத்த முறை இன்னும் தெளிவாகக் கேட்டு வளர்வது அது. வட அமெரிக்காவில் டப்பா எண்ணோடு தொலைபேசியை எடுத்த அந்தச் சாதாரண மனிதர்களிடம் இருந்தது வேறென்ன?

எழுந்திருங்கள்! அலமாரியில் உள்ள உணவுப் பையைத் திருப்பித் தேதியைப் படியுங்கள். பேட்ச் எண்ணைப் படம் பிடியுங்கள். பாராசிட்டமால் அட்டையைப் பூனைக்கு எட்டாத உயரத்தில் பூட்டுங்கள். விலாவைத் தடவுங்கள், ஈறைப் பாருங்கள். பீரோவுக்குள் கிடக்கும் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். தேதி தாண்டியிருந்தால் நல்ல நாள் பார்க்க வேண்டாம். நாளைக் காலை கால்நடை மருந்தகம் திறக்கும்போது, நாயைக் கையில் பிடித்தபடி முதல் ஆளாக நில்லுங்கள்!